தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்

பழைய ஆங்கில நூலைப் படிக்கும் தமிழ் வாசகரைத் தடுமாறச் செய்வது பெரும்பாலும் அவர் அறியாத சொல் அன்று. அறியாத சொல் கண்ணில் பட்டவுடன் படிப்பு நிற்கும், கை அகராதியைத் தேடும், பொருள் கிடைத்தபின் படிப்பு தொடரும். அறிந்த சொல் அப்படி நிறுத்துவதில்லை. பள்ளிப் பருவம் முதல் பழகிய சொல்லாக அது இருப்பதால் அதன் இன்றைய பொருளை மனம் தானாகவே ஏற்றிக்கொள்ள, வாக்கியமும் இலக்கணப்படி குறையின்றி அமைந்துவிட, ஆசிரியர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எண்ணிக்கொண்டு வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். சொற்களின் வரலாறு குறித்து 1960இல் தாம் வெளியிட்ட நூலில் சி. எஸ். லூயிஸ், இவ்வாறு முந்திக்கொண்டு வந்து நிற்கும் இன்றைய பொருளுக்கு ‘அபாயப் பொருள்’ என்றே பெயரிட்டார். அந்த அபாயத்தை எப்படி இனங்காண்பது, எந்த அகராதியைத் திறப்பது, அகராதி தரும் குறிகளை எப்படி வாசிப்பது என்பவற்றை இந்த இயல் விளக்குகிறது.

முதலில் ‘பிரிவென்ட்’ என்ற வினைச்சொல்லைக் காணலாம். தடுத்தல் என்பதே இன்று அதன் பொருள். ஆனால் 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், 119ஆம் சங்கீதத்தின் 147ஆம் வசனத்தில், வேண்டுதல் செய்பவர் விடியற்காலையைத் தாம் ‘பிரிவென்ட்’ செய்ததாகக் கூறுகிறார். விடியலை யாரும் தடுக்க முடியாது என்பதால் இந்த இடத்தில் வாசகர் சற்றே நிற்பார். இச்சொல், ‘முன்’ என்று பொருள்படும் ‘ப்ரே’ என்ற இலத்தீன் முன்னொட்டும், ‘வருதல்’ என்று பொருள்படும் ‘வெனிரே’ என்ற வினையும் சேர்ந்து பிறந்தது. ஆகவே விடியலுக்கு முன்பே எழுந்தார் என்பதே வசனத்தின் கருத்து. முதலாம் தெசலோனிக்கேயர் நிருபம் 4ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் இதே சொல் வரும்போது நிற்பதற்குக் காரணம் கிடைப்பதில்லை. உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களைத் ‘தடுக்கமாட்டார்கள்’ என்று படித்தாலும் ஏதோ ஒரு பொருள் தோன்றிவிடுகிறது. தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘முந்திக்கொள்ளுதல்’ என்ற வினையையே ஆள்வதால், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் தமிழ்க் கிறித்தவ வாசகருக்கு இந்தப் பிழை நேர்வதற்கு இடமே இல்லை. முந்திச் சென்றவர் பின்னால் வருபவரின் வழியை அடைத்துவிட முடியும் என்பதால், முந்துதலிலிருந்து தடுத்தல் என்ற பொருள் கிளைத்து, நாளடைவில் தாய்ப்பொருளையே வழக்கிலிருந்து வெளியேற்றிவிட்டது.

வாக்கியம் இடறாமல் ஓடும் இடத்தில்தான் ஏமாற்றம் மிகுதி என்பதற்கு, இறைச்சி என்று இன்று பொருள்படும் ‘மீட்’ இன்னும் தெளிவான சான்றாகும். லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தின் ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பில் ‘மீட் ஆஃபரிங்’ என்ற ஒரு காணிக்கை விவரிக்கப்படுகிறது. இன்றைய பொருளைக் கொண்டால் அது இறைச்சிப் படையல் ஆகும். ஆனால் அந்த அதிகாரத்தைப் பொறுமையாகப் படிக்கும்போது மெல்லிய மாவு வருகிறது, எண்ணெய் வருகிறது, சாம்பிராணி வகையைச் சேர்ந்த நறும்பிசின் வருகிறது, உப்பு வருகிறது. இறைச்சி மட்டும் வருவதேயில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘மீட்’ எந்த உணவையும் குறித்த சொல். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் பூண்டுகளும் கனிகளும்கூட அச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. தமிழ் வேதாகமம் இதைப் ‘போஜனபலி’ என்று மொழிபெயர்த்திருப்பது மிகச் சரியானது. 1885இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு மாவைக் குறிக்கும் ‘மீல்’ என்ற வேறு சொல்லை அங்கே இட்டது. பின்வந்த பதிப்புகள் பல தானியக் காணிக்கை என்றே மாற்றிவிட்டன. இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் ‘ஸ்வீட்மீட்’ என்ற கூட்டுச்சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய பொருள் இவ்வாறு ஏதேனும் ஒரு தொடருக்குள் ஒடுங்கி உயிர் வாழ்வது ஆங்கிலத்தில் அடிக்கடி நிகழ்வது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எவரும் அதற்கு ஒரு சான்றைத் தம் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்படும் அதன் வேண்டுகோளில், பயணியை ‘லெட்’டும் இடையூறும் இன்றிச் செல்லவிடுமாறு கேட்கப்பட்டிருக்கிறது. விடுதல், அனுமதித்தல் என்று எல்லோரும் அறிந்த ‘லெட்’ இங்கே பெயர்ச்சொல்லாக நின்று தடை என்ற நேர்மாறான பொருளைத் தருகிறது. இது ஒரே சொல் இரண்டு பொருள் கொண்ட கதை அன்று. பழைய ஆங்கிலத்தில் ‘லேட்டன்’ என்று வழங்கிய அனுமதிக்கும் சொல்லும் ‘லெட்டன்’ என்று வழங்கிய தடுக்கும் சொல்லும் தனித்தனியே இருந்து, ஒலி மாற்றத்தால் ஒரே வடிவை அடைந்தன. எதிரெதிர்ப் பொருள் கொண்ட இரண்டு சொற்கள் ஒரே உருவில் உலவுவது குழப்பம் தரும் என்பதால் தடுக்கும் சொல் பெரும்பாலும் விலகிக்கொண்டது. சர்வ் செய்யப்பட்ட பந்து வலையை உரசிச் சென்று சரியான கட்டத்தில் விழும்போது டென்னிஸ் நடுவர் ‘லெட்’ என்று அறிவித்து மீண்டும் சர்வ் செய்யச் சொல்வதும் இந்தத் தடைப் பொருளைச் சார்ந்ததே என அகராதிகள் கொள்கின்றன.

இந்த இடத்தில் அகராதியின் அமைப்பு பற்றிய முதல் பாடம் வருகிறது. அகராதியில் பொருள் விளக்கப்படுவதற்காகத் தடித்த எழுத்தில் நிற்கும் சொல் தலைச்சொல் எனப்படும். பிறப்பால் வேறான இரு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டில் அமைந்தால், அகராதி அவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாக்கி, சொல்லின் அருகே மேலே சிறிய எண் இட்டுக் காட்டும். முதல் பதிவைப் படித்துவிட்டு அகராதியை மூடும் வாசகர் இரண்டாவதைப் பார்ப்பதேயில்லை. ‘லெட்’ போன்ற சிறிய சொல்லுக்கு எத்தனை பதிவுகள் உள்ளன என்று பக்கத்தைப் புரட்டி எண்ணிப் பார்ப்பது முதற்கடமை.

அகராதி பேசும் காலம்

1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்டதும், ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதியாகக் கருதப்படுவதுமான சிறு நூல், ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள் தந்தது. எளிய சொல்லுக்கும் வரலாறு உண்டு, அதற்கும் பல பொருள்கள் உண்டு என்பதை விரிவாகக் காட்டியவர் சாமுவேல் ஜான்சன். லண்டன் கஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடத்தில் எழுத்தர் அறுவரின் உதவியோடு அவர் உருவாக்கிய அகராதி 1755இல் வெளிவந்தது. ஆசிரியர்களின் நூல்களைப் படித்து, வேண்டிய சொல்லின் கீழ்க் கோடிட்டு, அந்த வாக்கியத்தை எழுத்தரைக்கொண்டு படியெடுக்கச் செய்து, மேற்கோள்களிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்ததே அவருடைய முறை. அகராதி என்பது பொருளைக் கட்டளையிடும் நூல் அன்று, எழுதப்பட்டவற்றைச் சாட்சியாக வைத்துப் பொருளை நிறுவும் நூல் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

அந்த எண்ணத்தை முழு அளவில் நிறைவேற்றியது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி என்ற பேரகராதி. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் கருவாகி, 1879 முதல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியராக உழைத்து, முதல் பகுதி 1884இல் அச்சேறி, மரே 1915இல் மறைந்த பின்னும் தொடர்ந்து 1928இல் முற்றுப்பெற்ற பெரும்பணி அது. ஊதியம் பெறாத தன்னார்வ வாசகர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு துண்டுத்தாளில் ஒரு சொல்லும் அது வந்த வாக்கியமும் நூலின் பெயரும் ஆண்டும் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் அச்சில் இடம்பெற்றன. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அது கையாளப்பட்ட வாக்கியங்கள் ஆண்டு வரிசையில் நிற்பதால், ஒரு பொருள் எப்போது தென்படத் தொடங்கியது, எப்போது மங்கியது என்பதை வாசகர் தம் கண்ணாலேயே காண முடிகிறது. பழைய நூல் வாசிப்பவருக்கு இதைவிடச் சிறந்த துணை ஆங்கிலத்தில் இல்லை.

பொருளின் அருகே சாய்வெழுத்தில் சுருக்கமாக வரும் குறிப்பு வழக்குக் குறிப்பு எனப்படும். அதைத் தாண்டிச் செல்வது பலருக்கும் பழக்கம். அந்தப் பழக்கமே பாதிப் பிழைக்குக் காரணம். ‘அப்சலீட்’ என்பதன் சுருக்கம் இருந்தால் அந்தப் பொருள் வழக்கொழிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி அதன் முன்னே குத்துவாள் வடிவில் ஒரு குறியையும் இடும். ‘ஆர்க்கேயிக்’ என்றிருந்தால் வழக்கருகியது. அதாவது முற்றிலும் மறையாமல் செய்யுளிலும் வழிபாட்டிலும் சட்ட ஆவணங்களிலும் அரிதாகத் தலைகாட்டுவது. ‘ஹிஸ்டாரிக்கல்’ என்பது மூன்றாவது வகை. இங்கே சொல் பழையதாகவில்லை, சொல் குறித்த பொருளே உலகிலிருந்து போய்விட்டது. பென்னியின் நான்கில் ஒரு பங்கான ‘ஃபார்த்திங்’ நாணயம் 1960ஆம் ஆண்டின் முடிவோடு செல்லாததாயிற்று. அந்த நாணயத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் இன்றும் அதே சொல்தான். வழக்கொழிந்தது என்ற குறிப்பின் எல்லையை மெரியம் வெப்ஸ்டர் கல்லூரி அகராதி வெளிப்படையாகவே வரையறுத்திருக்கிறது: 1755க்குப் பிறகு கையாளப்பட்டதற்குச் சான்று கிடைக்காத பொருளுக்கே அந்தக் குறிப்பு. அந்த ஆண்டு ஜான்சன் அகராதி வெளிவந்த ஆண்டு. ஆகவே 1800இல் வழங்கி இன்று யாரும் சொல்லாத ஒரு பொருள் அந்த அகராதியின் கணக்கில் வழக்கொழிந்ததாக இடம்பெறாது.

பொருள்களின் வரிசையும் அகராதிக்கு அகராதி மாறும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் மெரியம் வெப்ஸ்டரும் காலவரிசைப்படி மூத்த பொருளை முதலில் வைக்கும்; 1998இல் முதற்பதிப்பு கண்ட ஒரே தொகுதி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோ இன்றைய மையப் பொருளை முதலில் வைக்கும். 1 என்று எண்ணிட்டதே முதன்மைப் பொருள் என்று எல்லா அகராதிகளிலும் எண்ணிக்கொள்பவர், முதல் வகை அகராதியில் செய்தித்தாள் வாக்கியத்துக்குப் பழம்பொருளையும், இரண்டாம் வகையில் ஷேக்ஸ்பியர் வாக்கியத்துக்குப் புதுப்பொருளையும் பொருத்திவிடுவார். அகராதியின் முன்னுரைப் பக்கங்களில் இந்த வரிசை எது என்று அச்சிடப்பட்டிருக்கும். அதை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டால் போதும்.

மாணவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது இவை இரண்டும் அல்லாத கற்போர் அகராதி. 1935இல் மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தில் பெற்ற கற்பித்தல் அனுபவத்தின் துணையோடு, 1,490 எளிய சொற்களை மட்டும் கொண்டு மற்ற எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூறும் அகராதியை வெளியிட்டார். ஏறத்தாழ 2,000 விளக்கச்சொற்களோடு 1978இல் லாங்மன் நிறுவனம் அதே நெறியில் சென்றது. இன்றைய ஆங்கிலத்தைக் கற்பவருக்கு இவை பெரும் நன்மை செய்தவை. ஆனால் பழம்பொருள்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவதே இவற்றின் இயல்பு என்பதால், இவற்றை வைத்துக்கொண்டு 1600களின் நாடகத்தைப் படிக்கும் மாணவருக்கு, அகராதியைப் பார்த்தும் பொருள் தவறியது ஏன் என்பது விளங்காமலே போகிறது. கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயில்வோருக்கு வகுப்பின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

நூலின் காலத்துக்கு ஏற்ற அகராதி

ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் 200 ஆண்டுகளே பழையவை. வாக்கியங்கள் இன்றைய ஆங்கிலம் போலவே தெளிவாக இருப்பதால் அகராதி தேவையில்லை என்று தோன்றும். அங்கே மாறியிருப்பது பொருளைவிட, சொல்லுக்குள் இருக்கும் மதிப்பீடு. 1813இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலில் பாதிரியார் காலின்ஸ், தம் புரவலரான சீமாட்டியின் ‘கண்டிசென்ஷன்’ குணத்தை வாய் நிறையப் புகழ்கிறார். இன்று அச்சொல் பிறரைத் தாழ்வாக எண்ணி இறங்கிப் பேசும் இறுமாப்பைக் குறிக்கிறது. அன்று உயர்குடியினர் தம் நிலையிலிருந்து மனமுவந்து இறங்கிவந்து பழகும் பண்பைப் பாராட்டாகக் குறித்தது. காலின்ஸின் வாயில் அது முழுமனப் புகழ்ச்சி. அந்தப் புகழ்ச்சியின் மிகையில்தான் ஆசிரியரின் நகை இருக்கிறது. இன்றைய பொருளைக் கொண்டால் அவர் சீமாட்டியை இகழ்வதாக ஆகி, பாத்திரமே கெட்டுவிடும். அதே நாவலில் நாயகி எலிசபெத்தின் மூத்த சகோதரி ஜேனின் பண்பாகச் சொல்லப்படும் ‘கேன்டர்’ ஒளிவுமறைவின்றிப் பேசுவதன்று. பிறரிடம் உள்ள நல்லதையே எடுத்துக்கொண்டு தீயதைச் சொல்லாமல் விடும் பெருந்தன்மை. எலிசபெத் தன் தமக்கையிடம் அந்தப் பண்பை விவரிக்கும் உரையாடலே அதற்குப் போதிய விளக்கம். ஒரு சொல்லின் பொருளைப் பல நேரங்களில் ஆசிரியரே அருகில் வைத்திருப்பார்.

‘நைஸ்’ என்ற சொல் இலத்தீனில் அறியாதவன் என்று பொருள்பட்ட ‘நெஸ்கியுஸ்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, 1300 அளவில் மூடத்தனத்தைக் குறித்து, பிறகு அளவுமீறிய நுணுக்கம் பார்த்தல், மென்மை, துல்லியம் என்று வளர்ந்தது. ஜான்சன் 1755இல் துல்லியத்தையும் நுணுக்கத்தையும் சார்ந்த பொருள்களைப் பலவாகப் பிரித்துத் தருகிறார். இன்று எல்லோர் வாயிலும் வரும் ‘இனிய’ என்ற பொருள் அவர் பட்டியலில் இல்லை. 1817இன் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபி’யில் ஹென்றி டில்னி, ஒரு நூலை ‘நைஸ்’ என்று புகழும் இளம்பெண்ணைக் கேலி செய்கிறான். புதிய பொருள் பரவிக்கொண்டிருந்ததையும், படித்தவர் செவிக்கு அது இன்னும் உறுத்தியதையும் அந்தக் கேலி ஒருங்கே காட்டுகிறது. ஆகவே அந்தக் காலத்து நூல்களில் இச்சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பொருள்களையும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து பின்பற்றத்தக்க நெறி ஒன்று கிடைக்கிறது. நூல் எழுதப்பட்ட ஆண்டை முதலில் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டுக்கு அருகில் வெளிவந்த அகராதி ஒன்றையும் வரலாற்று அகராதி ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 18ஆம் நூற்றாண்டுக்கு ஜான்சன், 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நூல்களுக்கு 1828இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டர் அகராதி, ஷேக்ஸ்பியருக்கு 1911இல் ஆனியன்ஸ் தொகுத்த சொற்கோவையோ 2002இல் டேவிட் கிரிஸ்டலும் பென் கிரிஸ்டலும் தொகுத்ததோ கைகொடுக்கும். கிடைத்த பொருளை வாக்கியத்தில் சொல்லுக்குப் பதிலாக இட்டுப் பார்த்து, முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களோடு அது இசைகிறதா என்று சோதித்த பின்னரே ஏற்க வேண்டும். ‘பிரசென்ட்லி’ என்பதை எடுத்துக்கொண்டால், இன்று ‘சற்று நேரத்தில்’ என்று பொருள்படும் அச்சொல் ஷேக்ஸ்பியரில் ‘உடனே’ என்றே பெரும்பாலும் பொருள்படும். நாடகத்தில் ஒரு கட்டளை அச்சொல்லோடு பிறப்பிக்கப்பட்டு அடுத்த அடியிலேயே நிறைவேறினால், எது சரியான பொருள் என்பதைக் காட்சியே சொல்லிவிடும்.

பழைய அகராதியைத் திறப்பவர் எதிர்கொள்ளும் இடர் ஒன்றும் உண்டு: அதன் விளக்கமே அதன் காலத்து ஆங்கிலத்தில் இருக்கும். ஜான்சன், வலைப்பின்னல் என்ற எளிய சொல்லைக் எளிதில் விளங்காத இலத்தீன் வழிச் சொற்களால் விளக்கியிருப்பது பெயர்பெற்ற சான்று. அவர் விளக்கத்தில் வரும் ‘நைஸ்’ போன்ற சொல்லும் அவர் காலத்துப் பொருளிலேயே நிற்கும் என்பதால், விளக்கத்தில் உள்ள சொல்லையும் அதே அகராதியில் தேடிப் பார்க்க வேண்டும்.

முன்னிலைப் பெயர்களில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. முந்தைய ஆங்கிலத்தில் ஒருமைக்கும் நெருக்கத்துக்கும் ‘தௌ’, பன்மைக்கும் மரியாதைக்கும் ‘யூ’ என்ற வேறுபாடு ஷேக்ஸ்பியர் காலம் வரை உயிரோடிருந்தது. நீ, நீங்கள் என்று நாள்தோறும் வேறுபடுத்திப் பேசுபவருக்கு, ஒரு பாத்திரம் ஒரே உரையாடலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கோபமோ அன்போ புகுந்திருப்பது உடனே தெரிந்துவிடும். ‘தௌ’ பெரும்பாலும் இறைவணக்கத்தில் எஞ்சியதால் அதை உயர்மரியாதைச் சொல் என இன்றைய ஆங்கிலேயரே தவறாக எண்ணுவதுண்டு. கிங் ஜேம்ஸ் பைபிளிலோ அது மரியாதை, நெருக்கம் எதையும் காட்டாமல் ஒருமையை மட்டும் காட்டுகிறது.

தவறான வாசிப்பே சொல்லாகிவிடுவதும் உண்டு. வீரச்செயலைக் குறிக்கும் ‘டெரிங் டூ’ என்ற சொல் சாசரின் கவிதையில் ‘துணிந்து செய்தல்’ என்ற சாதாரண வினைத்தொடராக இருந்தது. அவரைப் பின்பற்றிய லிட்கேட்டின் நூல் அச்சானபோது எழுத்து மாறியது. 1579இல் ஸ்பென்சர் அதை ஒரு தனிப் பெயர்ச்சொல்லாகக் கொண்டார். பின்னர் வால்டர் ஸ்காட் ‘ஐவன்ஹோ’வில் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். அகராதி தரும் முதல் ஆண்டையும் இதே எச்சரிக்கையோடு அணுக வேண்டும். அது அந்தப் பொருளுக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றின் ஆண்டே தவிரச் சொல்லின் பிறந்தநாள் அன்று. இன்னும் பழைய சான்று கிடைக்கும்போது திருத்தப் பதிப்பில் அந்த ஆண்டு பின்னோக்கி நகரும்.

அமெரிக்க நீதிமன்றங்களில் பழம்பொருளைத் தேடும் இந்த ஆய்வு ஏட்டுப் படிப்போடு நிற்பதில்லை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குறித்து 2008இல் கொலம்பியா மாவட்டத்துக்கும் ஹெல்லருக்கும் இடையே நடந்த வழக்கில், 1791இல் ஏற்கப்பட்ட, அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தின் சொற்கள் அக்காலத்தில் எப்பொருள்பட்டன என்பதை நிறுவ, அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு ஜான்சன் அகராதியின் 1773ஆம் ஆண்டுப் பதிப்பையும் வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டுப் பதிப்பையும் சான்றாகக் காட்டியது. அதே நாட்டின் 1787ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நான்காம் உறுப்பின் நான்காம் பிரிவில், ‘டொமெஸ்டிக் வயலன்ஸ்’ நேரும்போது மாநிலம் வேண்டினால் ஒன்றிய அரசு அதற்குப் பாதுகாப்பளிக்கும் என்கிறது. இன்று குடும்ப வன்முறையைக் குறிக்கும் அந்தத் தொடர் அங்கே மாநிலத்துக்குள் எழும் கலகத்தைக் குறிக்கிறது. அந்தப் பிரிவைத் தமிழாக்குபவர் இன்றைய சட்டச்சொல் பட்டியலை மட்டும் பார்த்தால், வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்காகப் படையை அழைக்கும் ஒரு விதியை எழுதிவிடுவார்.